அவர்கள் போடாவிட்டாலும் நீ எழுது

சிவகாசி, சாத்தூர், திருத்தங்கல், விருதுநகர் பக்கத்திலிருந்து கதை எழுத வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். “அனுப்பினேன், பதிலே இல்லை. விட்டுடலாமா?” கேட்கிறவர்களில் ஒருத்தி வீட்டில் வெடிக்குக் குழாய் உருட்டிக்கொண்டே கல்லூரி முடித்தவள். ஒருவன் ஆப்செட் அச்சகத்தில் கட்டிங் மிஷின் பக்கத்தில் நிற்கிறவன். இன்னொருவன் பட்டாசு குடோனில் கணக்கு எழுதுகிறவன். நான் அச்சகத்தில் புரூப் பார்த்தே தலை நரைத்தவன். கதை எழுதுவது எனக்குச் சாயங்கால வேலை. தெரிந்ததை வரிசை போட்டுச் சொல்கிறேன். வயசில் மூத்தவன் என்ற உரிமையில் ‘நீ’ என்றே பேசுகிறேன்; தம்பியோ தாயியோ, யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

1. கதை திரும்பி வந்த அன்று எந்த முடிவும் எடுக்காதே.

அன்று ஆசிரியருக்குப் பதில் எழுதாதே. கதையைக் கிழிக்காதே. முகநூலில் பொருமாதே; அங்கே கிடைக்கும் ஆறுதல் ராத்திரிக்குள் தீர்ந்துவிடும், நீ எழுதிய வசவு மட்டும் நிற்கும். வலிக்கத்தான் செய்யும். வலிக்கவில்லை என்று பாவனை பண்ணவும் வேண்டாம். நண்பனைக் கூட்டிக்கொண்டு போய் எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டுவிட்டுத் தூங்கு. ஒரு வாரம் கழித்துக் கதையை எடுத்து, வேறு யாரோ எழுதியதுபோல வாய்விட்டுப் படி. நாக்கு தடுக்குகிற இடத்தில் பென்சிலால் கோடு போடு. அதற்கப்புறம் முடிவு செய்யலாம்.

2. எல்லா ‘வேண்டாம்’களும் ஒன்றல்ல.

ஒன்று, மௌனம். தமிழ் இதழ்களில் இதுதான் அதிகம். முன்பு சுயவிலாசமிட்டு ஸ்டாம்பு ஒட்டிய உறையைக் கூடவே வைத்து அனுப்புவோம்; கதை திரும்பி வந்தால் நம் கையெழுத்தே நம்மைத் தேடி வந்து நிற்கும். இப்போது மின்னஞ்சல். திரும்பி வருவதுகூட இல்லை. மூன்று மாதம் பொறு. மரியாதையாக ஒரு வரி விசாரி. அதற்கும் பதில் இல்லையென்றால் வேறு இதழுக்கு அனுப்பு. மௌனத்துக்கு அர்த்தம் தேடாதே. பல சமயம் அந்தக் கதையை யாரும் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இரண்டு, ‘பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்’ என்ற ஒற்றை வரி. இது எல்லாருக்கும் போகிற வரி. இதில் உனக்கென்று எதுவும் இல்லை. எனவே இதை வைத்து உன்னை எடை போடவும் முடியாது.

மூன்று, காரணம் சொல்லி மறுப்பது. ‘முதல் இரண்டு பக்கம் தேவையில்லை, பாட்டி வந்த பிறகுதான் கதை ஆரம்பிக்கிறது’ என்று ஒருவர் எழுதினால், அவர் உன் கதைக்காகத் தன் நேரத்தைச் செலவழித்திருக்கிறார். அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்து. அவர் சொன்னது சரியா தப்பா என்று ஒரு மாதம் யோசி. சரியென்றால் திருத்து. தப்பென்று தோன்றினாலும், அந்த இடத்தில் ஒரு வாசகர் இடறியிருக்கிறார் என்பது உண்மை. அங்கே ஏதோ இருக்கிறது.

3. காலம் பார்த்து அனுப்பு.

இதை நான் சிவகாசிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியிருப்பதுதான் வேடிக்கை. அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தை ஆடிப்பெருக்கு அன்றைக்கே வெளியிடுகிற ஊர் இது. தீபாவளி முடிந்த கையோடு அடுத்த தீபாவளிச் சரக்குக்குப் பூஜை போடுகிற ஊர். ஆனால் இங்கிருந்து தீபாவளி மலருக்குப் போகும் கதை மட்டும் புரட்டாசிக் கடைசியில்தான் கிளம்புகிறது! மலர் வேலை ஆடி, ஆவணியிலேயே முடியத் தொடங்கிவிடும். பொங்கல் சிறப்பிதழும் அப்படித்தான். தாமதமாகப் போன கதை நல்ல கதையாக இருந்தாலும் உட்கார இடம் இருக்காது. அந்த மறுப்பு உன் எழுத்துக்குக் கிடைத்தது இல்லை; காலண்டருக்குக் கிடைத்தது.

4. இதழைப் படித்துவிட்டு அனுப்பு.

வார இதழுக்கு இரண்டு மூன்று பக்கக் கதை வேண்டும். சிற்றிதழ் பதினைந்து பக்கக் கதையையும் தாங்கும். ‘செம்மலர்’ போன்ற இதழுக்கு உழைக்கிற மக்களின் வாழ்க்கை முக்கியம். மூன்று இதழ் வாங்கிப் படிக்காமல் கதை அனுப்புவது, விலாசம் எழுதாமல் தபால் போடுவதற்குச் சமம். யுனிகோடில் தட்டச்சு செய். ஒற்றுப்பிழை பார். ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பாதே. எந்தக் கதை, எங்கே, எந்தத் தேதியில் போனது என்று ஒரு நோட்டில் எழுதி வை. புரூப் பார்க்கிறவனின் புத்தி என்று சிரித்தாலும் சரி, நகல் இல்லாமல் ஒரு தாளும் வீட்டைவிட்டுப் போகக் கூடாது.

5. வெடி விபத்தில் கதையை முடிக்காதே.

இங்கிருந்து போகும் கதைகளில் பாதி இப்படித்தான் முடிகிறது. ஏழைக் குடும்பம், பட்டாசு ஆலை வேலை, கல்யாணக் கனவு, கடைசிப் பத்தியில் சத்தம், புகை. விபத்து பொய் இல்லை. நம் தெருவில் செத்தவர்களின் பெயர் நமக்கே தெரியும். ஆனால் அதைச் சென்னையில் உட்கார்ந்திருக்கிறவர் செய்தித்தாளில் ஏற்கெனவே படித்துவிட்டார். செய்தியில் வராதது உன்னிடம் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

உன்னிடம் நிறைய இருக்கிறது. மருந்துக் கலவையை ஏன் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுகிறார்கள், ஒரு அறையில் ஏன் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது, அறைக்குள் ஏன் இரும்புச் சாமான் ஆகாது என்பதெல்லாம் உனக்கு மூச்சு விடுவது மாதிரித் தெரியும். அலுமினியப் பவுடர் அறையில் வேலை பார்த்தவர் சாயங்காலம் வெளியே வரும்போது இமை முடிவரை வெள்ளி பூசியது போல் இருப்பார். தொட்டித் தண்ணீரில் எத்தனை முறை கழுவினாலும் நகக்கண்ணில் கொஞ்சம் மிஞ்சும். அந்த விரலால் மகளுக்குச் சோறு பிசைந்து ஊட்டலாமா கூடாதா என்று அவர் தயங்கும் நேரம் ஒரு கதை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் நைட்ரேட்டுக்கும் சரவெடிக்கும் தடை போட்டது. வருஷக்கணக்காகச் சரம் பின்னிய விரல்கள் அடுத்த மாதம் என்ன செய்தன என்று யோசித்தால் அதில் ஒரு நாவலே இருக்கிறது.

ச. தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’ கதையைப் படி. நம் கரிசல் வெயிலில், தான் ஆசைப்பட்ட மச்சானைப் பார்க்கப் போகும் ஒரு பெண்ணின் மனசு, அவ்வளவுதான் கதை. எதுவும் வெடிக்கவில்லை. அந்தச் சின்னக் கதைதான் 2008இல் சசி இயக்கத்தில் ‘பூ’ என்ற படமாக வளர்ந்தது. பூமணி 1899ஆம் வருஷத்துச் சிவகாசிக் கொள்ளையை ‘அஞ்ஞாடி’யில் எழுதினார். அந்த நாவல் வந்தது 2012இல். அதற்கு 2014இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. நூறு வருஷத்துக்கு முந்தைய சம்பவத்தை, பெரிய பெரிய வரலாற்று நூல்கள் தாண்டிப்போன குடும்பங்களின் வழியாக அவர் சொன்னார்.

6. ஊர்ப் பேச்சை வெட்கப்பட்டுத் திருத்தாதே.

‘வட்டார வழக்கு புரியவில்லை’ என்று ஒரு கதை திரும்பி வரும். உடனே எல்லாவற்றையும் பாடப்புத்தகத் தமிழுக்கு மாற்றி உட்காராதே. முதலில் பார்: புரியாதது சொல்லா, சம்பவமா? பெரும்பாலும் சம்பவம்தான் குழம்பியிருக்கும். பழி சொல்லின் மேல் விழும். இடைசெவல் கி. ராஜநாராயணனின் முதல் கதை ‘சரஸ்வதி’ இதழில் வரும்போது அவருக்கு வயது முப்பத்தைந்தை ஒட்டி. பேசுகிற தமிழை அப்படியே எழுத்தில் இறக்கியவர், கரிசல் சொற்களுக்கு ஒரு அகராதியையே தொகுத்துக் கொடுத்தார். வாசகன் நம்மிடம் வந்து கற்றுக்கொள்ளட்டும் என்ற தைரியம் அது.

7. ஊரே உன்னை வேண்டாம் என்று சொல்லலாம். அதற்கும் தயாராக இரு.

ஆசிரியரின் மறுப்பைவிட இது கசப்பானது. வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் உள்ள புதுப்பட்டியில் பிறந்தவர் பாமா. கன்னியர் மடத்தைவிட்டு வெளியே வந்து, தன் தெருவின் பேச்சிலேயே தன் வாழ்க்கையை எழுதினார். 1992இல் ‘கருக்கு’ வெளியானது. ஊரை இப்படி எழுதிவிட்டாளே என்று சொந்த ஊர்க்காரர்களுக்கே கோபம். சில மாதங்கள் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை. அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. ‘சங்கதி’ வந்தது, ‘கிசும்புக்காரன்’ வந்தது, ‘வன்மம்’ வந்தது. லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்ப்பில் ‘கருக்கு’ ஆங்கிலத்துக்குப் போய் கிராஸ்வேர்ட் விருது வாங்கியது. இன்றைக்குத் தமிழ் தலித் இலக்கியத்தைப் பற்றிப் பேசுகிற எவரும் அந்தப் புத்தகத்தைத் தொடாமல் பேச முடியாது.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஊர் கோபப்படுகிறது என்பதாலேயே நீ எழுதியது நல்ல எழுத்து ஆகிவிடாது. பக்கத்து வீட்டுச் சண்டையைப் பெயர் மாற்றி எழுதிவிட்டு ‘உண்மையை எழுதினேன்’ என்று மார்தட்டாதே. பாமா முதலில் எழுதியது தன்னைப் பற்றி.

8. படிப்பு குறைச்சல் என்று கூசாதே.

மேலாண்மறைநாடு நம் மாவட்டத்து மானாவாரிக் கிராமம். அங்கே ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோன ஒருவர் பெட்டிக்கடை வைத்துக்கொண்டு கதை எழுதினார். கடைக்கு வருகிறவர்களின் பேச்சுதான் அவருக்குப் பாடம். மேலாண்மை பொன்னுச்சாமி என்ற அந்தக் கடைக்காரருக்கு 2007இல் ‘மின்சாரப்பூ’ தொகுப்புக்காக சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 2017இல் காலமாகும்வரை விவசாயிகளைப் பற்றியும் கூலிக்காரர்களைப் பற்றியும் எழுதிக்கொண்டே இருந்தார். ‘எம்.ஏ. தமிழ் படிக்கவில்லை, அதனால்தான் திருப்பி அனுப்பிவிட்டார்கள்’ என்று யாராவது என்னிடம் சொன்னால் நான் அவர் பெயரைத்தான் சொல்வேன். அதே சமயம், பள்ளியில் படிக்காததை அவர் புத்தகத்தில் படித்தார். நூலகத்தில் உறுப்பினர் அட்டை இல்லாமல் எழுத வராதே.

9. ஒன்று வெளியே போயிருக்கும்போதே அடுத்ததைத் தொடங்கிவிடு.

இந்த வரிசையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பேன் என்றால், இதை வை.

சிங்கம்புணரியில் பிறந்த ப. சிங்காரம் இளவயதில் பிழைப்புக்காக இந்தோனேசியா போனவர். இரண்டாம் உலக யுத்தத்தை அங்கே நேரில் பார்த்தார். திரும்பி வந்து மதுரை ‘தினத்தந்தி’யில் வேலை பார்த்துக்கொண்டு ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறையில் தனியாக இருந்தார். 1950இல் ‘கடலுக்கு அப்பால்’ நாவலை எழுதினார். போட ஆள் கிடைக்கவில்லை. 1959இல் ‘கலைமகள்’ பரிசு கிடைத்த பிறகுதான் அது வெளிச்சத்துக்கு வந்தது. 1962 வாக்கில் ‘புயலிலே ஒரு தோணி’யை முடித்தார். மறுபடியும் அதே அலைச்சல். சுமார் பத்து வருஷம் கழித்து 1972இல் கலைஞன் பதிப்பகம் போட்டது. அப்போதும் பெரிதாகப் பேச்சில்லை. இன்றைக்குத் தமிழின் தலைசிறந்த நாவல்களைப் பட்டியல் போடுகிறவர்கள் அதை விடுவதில்லை. ஆனால் மூன்றாவது நாவல் வரவில்லை. 1997இல் காலமானார்.

இத்தாலி எழுத்தாளர் லாம்பெடூசாவுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். அவருடைய ‘சிறுத்தை’ நாவலைப் பெரிய பதிப்பகங்கள் மறுத்தன. 1957இல் அவர் இறந்தார்; 1958இல் நாவல் வந்தது; 1959இல் அந்நாட்டின் ஸ்ட்ரேகா பரிசு அதற்குக் கிடைத்தது.

இந்தக் கதைகளைச் சொல்லி ‘பார், கடைசியில் ஜெயித்தார்கள்’ என்று முடிப்பது வழக்கம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். சிங்காரத்திடமிருந்து நமக்கு வராமல்போன அந்த மூன்றாவது நாவலை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. பதிப்பாளர்கள் தமிழுக்குச் செய்த நஷ்டம் பத்து வருஷத் தாமதம் மட்டும் இல்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவர் பட்டது அவருக்குத்தான் தெரியும். உனக்குச் சொல்வது இதுதான்: போட மாட்டேன் என்று சொல்லும் உரிமை ஆசிரியருக்கு உண்டு. எழுத மாட்டேன் என்று சொல்லும் உரிமை உன்னிடம் இருக்கிறது. அதையும் எடுத்து அவர் கையில் கொடுத்துவிடாதே. ஒரு கதை தபாலில் இருக்கும்போது இன்னொரு கதை மேசையில் இருந்தால், திரும்பி வருவது ஒரு கதைதான்; நீ திரும்பி வரவில்லை.

10. நகையை அடகு வைத்துப் புத்தகம் போடாதே.

இந்தியாவுக்கே நோட்டும் காலண்டரும் லேபிளும் அடித்துக் கொடுக்கிற ஊரில் இருக்கிறோம். ‘நாமே அடித்துவிட்டால் என்ன?’ என்று தோன்றும். அடிப்பது சுலபம், விற்பதுதான் பாடு. பாரதி கடையத்தில் இருந்தபோது, தன் நூல்கள் தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் மாதிரி சர்வ சாதாரணமாக வீடு வீடாக விலைபோகும் என்று நம்பி எழுதினார். நாற்பது நூல், ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் பிரதி என்று 1920இல் திட்டமே போட்டார். பணம் வரவில்லை, 1921 செப்டம்பரில் போய்விட்டார். அதற்கு இரண்டு வருஷம் கழித்துச் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. தீப்பெட்டி வீடு வீடாகப் போனது.

சி.சு. செல்லப்பாவையும் சொல்ல வேண்டும். ‘எழுத்து’ இதழை நடத்தி, புத்தகத்தைப் பையில் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக அலைந்து விற்றவர். ‘சுதந்திர தாகம்’ நாவலை மூன்று பாகமாக 1997இல் தானே பதிப்பித்தார். அடுத்த வருஷம் இறந்தார். 2001இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது. பெரிய மனசு, ஆனால் பெரிய விலை. அவரைக் கும்பிடு, அவர் செய்த செலவைச் செய்யாதே. ‘இவ்வளவு கட்டுங்கள், புத்தகம் போட்டுத் தருகிறோம்’ என்று வருகிறவரிடம் எத்தனை பிரதி, யார் விற்பது, நூலகத்துக்கு யார் அனுப்புவது, விற்ற கணக்கு எப்போது வரும் என்று கேட்டு எழுதி வாங்கு. இப்போது ஐம்பது நூறு பிரதிகூட அச்சிட முடிகிறது. போட்டே ஆக வேண்டுமென்றால் அந்த அளவோடு நிறுத்து.

11. சம்பளத்தை விடாதே, ஓய்ந்த நாளை விடாதே.

தமிழ்ச்செல்வன் தபால் துறையில் இருந்தார். பூமணி கூட்டுறவுத் துறையில் இருந்தார். சம்பளம் வேறு இடத்திலிருந்து வந்தால், ஒரு மறுப்பு அடுப்பை அணைக்காது. நம் ஊரில் எழுத நாள் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. தீபாவளி முடிந்து ஆலைகள் மறுபடி திறக்கும்வரை உள்ள இடைவெளி, ஐப்பசி கார்த்திகை அடைமழையில் மருந்து வேலை நடக்காத நாட்கள் எல்லாம் உனக்குத்தான். கூலி கிடைக்காத அந்த நாட்களின் கவலை எனக்குத் தெரியாமல் இல்லை. கவலையோடேயே ஒரு மணி நேரம் உட்கார்.

12. அச்சில் வந்த கதையைப் பார்த்துப் பொறாமைப்படாதே.

கூட எழுதுகிறவனின் கதை வந்துவிட்டது, உன்னுடையது வரவில்லை. அவனுக்குப் போன் போட்டு நல்லதாக நாலு வார்த்தை சொல். மனசுக்குள் எரிகிறதா? தீபாவளிக்கு மறுநாள் தெருவைக் கூட்டும்போது கீழே பார். வெடித்த குழாய்களிலிருந்து பழைய தாள்கள் சிதறிக் கிடக்கும். அதில் பாதி தலையங்கம் இருக்கும், அரைகுறைத் தொடர்கதை இருக்கும், யாரோ எழுதிய கவிதையின் கடைசி இரண்டு சொல் இருக்கும். எல்லாம் ஒருநாள் பெருமையாக அச்சானவைதான். இதழுக்கு ஆயுசு அவ்வளவே. அடுத்ததை நன்றாக எழுதக் கை பழகியிருக்கிறதா என்பதுதான் உனக்கும் அவனுக்கும் மிச்சம்.

13. நாளைக்கு நீ மறுக்கும் இடத்தில் உட்காருவாய்.

பள்ளிக்கூடப் போட்டிக்கு நடுவராகக் கூப்பிடுவார்கள். நண்பர்கள் இதழ் தொடங்கி உன்னைக் கதை பார்க்கச் சொல்வார்கள். அப்போது ஒரு பிள்ளையின் கதையை வேண்டாம் என்று சொல்ல வேண்டி வரும். சும்மா இருந்துவிடாதே. எந்த இடத்தில் கதை உயிரோடு இருக்கிறது, எந்த இடத்தில் தளர்கிறது என்று இரண்டே வரி எழுதி அனுப்பு. உனக்கு அப்படி யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். அதனாலேயே நீ எழுத வேண்டும்.